யோயாக்கீமின் கத்தி

மட்டக்களப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாடும் மீனில் தொடங்குவது பத்திரிகைக்காரரான எங்களின் பழைய வியாதி. நானும் விலக்கல்லன். வாவியின் அடியிலிருந்து எழும் அவ்வொலியை 1950களில் பதிவு செய்தவர் லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி. எவரும் காதுகொடுக்காத ஒலிகளைக் குறித்துவைப்பது அச்சபையாரின் வழக்கமோ என்று பின்னாளில் நினைத்ததுண்டு.

எரேமியாவின் ஆகமத்தில் ஒரு காட்சி. கி.மு. 604 அளவில் நடந்தது. எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் எழுதிய ஏட்டுச்சுருளை அரண்மனையில் வாசிக்கிறார்கள். குளிர்காலம், மன்னன் யோயாக்கீம் கணப்பின் முன்னே அமர்ந்திருக்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும், எழுத்தரின் சூரிக்கத்தியால் அவற்றை அறுத்து நெருப்பில் எறிகிறான். இறுதிவரை இப்படியே. கோபத்தில் கத்தவில்லை, வாசித்தவனைத் தண்டிக்கவுமில்லை. அந்த நிதானம்தான் என்னைக் கலங்கடிப்பது. அது நான் நன்கறிந்த நிதானம்.

இதே மன்னனுக்கு எரேமியா வேறோர் இடத்தில் அவன் தந்தை யோசியாவை நினைவூட்டுகிறார். ஏழை எளியவரின் வழக்கை உன் தந்தை தீர்த்துவைத்தான், என்னை அறிவது என்பது அதுவன்றி வேறென்ன என்று இறைவனே கேட்பதாக. கடவுளைப் பின்பற்றுதல் பற்றி நான் படித்த விளக்கங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை. பலி, தூபம், ஆலயம் எதுவும் அங்கே பேசப்படவில்லை.

மட்டக்களப்பில் இவ்வாறு நடந்தவர்களை அறிவோம். பிரஜைகள் குழுத் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 யூன் 6ஆம் திகதி புனித மரியாள் தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948இல் இலங்கைக்கு வந்த ஹரி மில்லர் அடிகளார் சமாதானக் குழுவில் இருந்து, காணாமற் போனோரின் விபரங்களைப் பதிவு செய்துகொண்டேயிருந்தார். அதே சபையின் யூஜின் ஹேபர்ட் அடிகளார், பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றியவர்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். தமிழ்க் கிராமங்களிலும் பிணங்கள் விழுந்தன. 15ஆம் திகதி ஹேபர்ட் அடிகளார் ஓர் இளைஞரோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை.

அக்காலத்தில் நான் கொழும்பில் ஒரு நாளேட்டின் செய்தி மேசையில் இருந்தேன். கிழக்கிலிருந்து யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய பட்டியல் ஒன்று என் முன்னால் வந்தது. கொப்பித் தாளில் இரு பக்கமும் பெயர்கள், வயது, ஊர். 'பலரைக் காணவில்லை' என்று மூன்று வரியாக்கி அச்சுக்கு அனுப்பினேன். இடமில்லை என்று அருகிலிருந்தவரிடம் சொன்னேன். உண்மையில் பயம். தாளைக் கூடையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

எரேமியாவின் கதை நெருப்போடு முடியவில்லை. மறுபடி எழுது என்று கட்டளை வருகிறது. எரேமியா மற்றொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுக்கிறார். எரிந்த சொற்கள் அனைத்தும் திரும்ப எழுதப்படுகின்றன. இன்னும் பல சொற்களும் சேர்கின்றன.

2002இல் போர்நிறுத்தம் வந்தபின் மட்டக்களப்புக்குப் போனேன். வாவிக் கரையோரக் கிராமமொன்றில், நான் பத்திரிகைக்காரன் என்றறிந்த ஒரு தாய் அருகில் வந்தார்.

"தொண்ணூறில பேர் எழுதிக் குடுத்த நாங்க. என்ட மகன்ட பேர் பேப்பரில வந்ததா மனே?"

அவர் குறிப்பிட்டது அந்தத் தாளைத்தானா என்று கேட்க எனக்கு நாவெழவில்லை.

"வரேல்ல அம்மா" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பெயரைத் திரும்பச் சொன்னார். தகப்பன் பெயர், வயது, அன்று உடுத்திருந்த சாரத்தின் நிறம். நான் குறிப்பேட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் எழுந்து வந்தார்.