ஆமைக்கு அருகம்புல்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள். அந்த ஆமைக்குப் புல் வளர்ப்பதைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! விஷயம் இருக்கிறது.

என் அக்கா அமெரிக்காவில், டெக்ஸாஸில் இருக்கிறாள். ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்தின் தென்கோடியைச் சேர்ந்த 'சல்காட்டா' ஆமையை அங்கே கடையிலேயே வாங்கி வளர்க்கலாம். உள்ளங்கை அளவில் வாங்குவது வளர்ந்தால் 40, 50 கிலோ வரும். அக்கா மகன் ஒன்று வாங்கினான். பிள்ளைகள் செல்லமாக வாழைப்பழம், ஆப்பிள், சாதம் என்று ஊட்ட, ஆமைக்கு வயிற்றுப்போக்கு. சுருண்டு படுத்துவிட்டது. மிருக வைத்தியர், "பழத்தை நிறுத்துங்கள், புல்தான் சாப்பாடு. பெர்முடா புல் போடுங்கள்" என்றாராம்.

அன்று ராத்திரியே அக்காவின் போன். "ஏடி, பெர்முடா புல்லுன்னா என்னன்னு தெரியுமா? நம்ம பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்தான்டி! நீதான் தொட்டியில வளர்க்கிறியே, எப்படின்னு சொல்லு."

இதில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அகலமான தொட்டி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. மண்ணும் மணலும் கலந்து, கொஞ்சம் மக்கிய தொழு உரம். கணு உள்ள அருகம்புல் தண்டுகளை நாலு விரற்கடை இடைவெளியில் படுக்க வைத்து, கணு மறையும்படி மண்ணைத் தூவ வேண்டும். நல்ல வெயில் வேண்டும். வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் தெளித்து, அப்புறம் மண் காயக் காய விட்டால் போதும். இரண்டு தொட்டி வைத்துக்கொண்டால், ஒன்றில் மேயும்போது மற்றது தழைத்துவிடும். யூரியா, பூச்சி மருந்து கூடவே கூடாது. மேய்வது வாயில்லா ஜீவன் அல்லவா!

புல் ஏன் அத்தனை முக்கியம்? இந்த வகை ஆமைக்கு மாட்டைப் போலவே நார்ச்சத்துதான் ஆகாரம். குடலிலுள்ள நுண்கிருமிகள் புல்லை மெல்ல மெல்லப் புளிக்க வைத்து ஜீரணிக்கின்றன. பழத்தின் சர்க்கரை போனால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் வேண்டும். பாலக் கீரை நல்லதென்று தினமும் போட்டால், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. புல்லோடு செம்பருத்தி இலை, பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் கொடுக்கலாம். அக்கா வீட்டு ஆமை ஒரு மாதத்தில் தேறிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், போன மழைக்காலத்தில் கண்மாய்க்கரைப் புதரிலிருந்து ஓர் ஆமையை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் போல. "அத்தை, உங்க தொட்டிப் புல்லு கொஞ்சம் தாங்க. நானும் வளர்க்கப் போறேன்."

எனக்குப் பகீரென்றது. அது நட்சத்திர ஆமை. கடத்தல்காரர்கள் தேடித் தேடிப் பிடிப்பது இதைத்தான். 2019-இல் உலக நாடுகள் கூடி இதன் வியாபாரத்துக்கே தடை போட்டன. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 2022-இல் அதைத் திருத்தியபோது இந்த ஆமையைப் புலி, யானையோடு முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை.

"ராசா, அக்கா வீட்டு ஆமை கடையில வாங்கினது. இது காட்டுப் பிள்ளை. இதுக்கு வேண்டிய புல்லு அது இருந்த இடத்துலயே இருக்கு" என்றேன். பையன் விக்கி விக்கி அழுதான். அவன் அம்மாவோ, "எம்புள்ளைய ஜெயில்ல போட்டுருவாகளா?" என்று நடுங்கினாள். தைரியம் சொல்லி, வனத்துறைக்குப் போன் போட்டோம். வந்தவர் பையனைத் திட்டவில்லை. எந்தப் புதரில் எடுத்தாய் என்று கேட்டு, அவனையே வழிகாட்டச் சொல்லிக் கூட்டிப் போனார். திரும்பி வந்தவன் முகத்தில் அழுகை இல்லை.

தாய்மார்களே, பிள்ளைகள் ஆமை கொண்டு வந்தால் அடிக்காதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதற்குப் புல் வளர்த்துக் கொடுக்க ஆசையா? கோடையில் வரப்புப் புல்லுக்குத் தீ வைக்காமல், கரையோரம் களைக்கொல்லி அடிக்காமல் விட்டாலே போதும். மழை வந்ததும் அருகம்புல் தானே துளிர்க்கும்.