ஒளி புகாச் சாளரம்

தமிழ் கற்பிக்கும் ஒருவன் ஆகாயவிமானத்தைப் பற்றி, அதிலும் கணினித் திரையில் மாத்திரம் பறக்கும் விமானத்தைப் பற்றி, யூபிலி மலருக்குக் கட்டுரை வரைவதா என்று பழைய மாணவ அன்பர் சிலர் வியக்கக்கூடும். நன்னூற் சூத்திரங் கேட்டுச் சலித்த செவிகளுக்கு இஃது ஒரு மாறுதலாகவேனும் அமைக என விண்ணப்பித்துக்கொண்டு விடயத்துட் புகுகின்றேன்.

2006ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசொப்ற் பிளைற் சிமுலேற்றர் எக்ஸ் என்னும் மென்பொருளை என் மாணவர் சிலர் பழைய கணினியொன்றில் வைத்துப் பழகி வருகின்றனர். 2020இலும் 2024இலும் வந்த புதிய பதிப்புக்களைத் தாங்கும் வலி அக்கணினிக்கு இல்லை. விமானியறையில் அமர்ந்திருப்பது போன்றே கருவிகளையும் வெளியையும் திரையிற் காட்டி, விமானம் செலுத்தப் பழக்குவது இம்மென்பொருள். அதனோடு வரும் விமானங்கள் போதா என்று ஆர்வலர் பலர் தாமே வேறு விமானங்களை அமைத்து இலவசமாக வழங்குகின்றனர். அவ்வாறு எமக்குக் கிடைத்தது எயார் சிலோனின் பழைய வண்ணந் தீட்டிய டீ.சி. 3 ரக விமானம் ஒன்று. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு அந்நிறுவனத்தின் முதற் சேவையை நடாத்தியது இவ்வகை விமானமே.

புறத்தே நின்று நோக்கினால் அழகோ அழகு. விமானியறையுட் புகுந்தாலோ, நடுவே சட்டம் பிரிக்கும் முன்கண்ணாடிகள் இரண்டும் வகுப்பறைக் கரும்பலகை போல் அடைத்து நின்றன. கருவிகள் எல்லாம் ஒழுங்காக இயங்கின. வெளியே வானமும் இல்லை, நிலமும் இல்லை. இதனை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுக என்பதே இத்துறையிற் பழகியோர் பலரும் முதலிற் கூறும் புத்திமதி. எனக்கு அதிற் சம்மதம் இல்லை.

இத்துணைச் சிறிய குறைக்கு இவ்வளவு கவலை ஏன் என்பீர்கள். எண்பதுகளின் பிற்பாதியிலும் தொண்ணூறுகளிலும் இக்குடாநாட்டிலே பிள்ளைப் பருவங் கழித்த நாங்கள் விமானத்தைக் கண்ணால் அறிந்ததிலும் காதால் அறிந்தது அதிகம். 'சியாமாசெட்டி' என்று ஊரார் வழங்கிய அந்தக் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எறிந்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் நாங்கள். ஆகாயத்திலிருந்து எங்கள் ஊரைப் பார்ப்பவன் ஒருவன் உளனாயின் அவன் எதற்காகப் பார்க்கின்றான் என்பதில் எமக்கு ஐயம் இருந்ததில்லை. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் பயணச்சீட்டுப் பெறும் வசதி என் மாணவரிற் பலருக்கு இல்லை. விமானியின் இருக்கையிலிருந்து நம்மூர்க் கடலைக் காணவேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். சொல்லப்போனால் அவ்வாசை அவர்களிலும் எனக்கே மிகுதி. அதற்குச் சாளரம் வேண்டும்.

கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு என்பது பலரும் அறிந்ததே. நான்காவதாக ஒன்றும் உண்டு. அதனை அல்பாத் தளம் என்பர். அது நிறம் அன்று. அந்நிறம் பின்னுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்னும் கணக்கு. கண்ணாடியைப் பொறுத்தவரை 0 ஆயின் முற்றுந் தெளிவு. 255 ஆயின் சுவர். ஏட்டுச்சுவடி பயின்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஓலை கிழியுமென்று அஞ்சி ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விடுவர். எழுத்தெல்லாம் இருக்கும், புள்ளி ஒன்றே இராது, மெய் எது, உயிர்மெய் எது என்று படிப்பவர் திகைப்பர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்ற முயன்ற காலத்திற் பட்ட இடர்களுள் இதுவும் ஒன்று. நம் விமானத்தின் படத்திலும் நிறமெல்லாம் இருந்தது, புள்ளிதான் போய்விட்டது.

போன வழியையும் கண்டுபிடித்தோம். அவ்விமானம் 2003ஆம் ஆண்டுப் பதிப்புக்கெனச் செய்யப்பட்டது. அதனை எக்ஸ் பதிப்புக்கு மாற்றிய எவரோ, கண்ணாடிப் படத்தை டீ.எக்ஸ்.ரீ. 1 என்னும் முறையிற் சுருக்கிச் சேமித்திருந்தார். அம்முறை பதினாறு புள்ளிகளை 8 பைற்றில் அடக்குவது. அதில் அல்பாவுக்கு உண்டு, இல்லை என்னும் இரண்டு நிலைகளுக்கே இடம். அதனையும் வையாமற் சேமித்தலே பெருவழக்கு. டீ.எக்ஸ்.ரீ. 3 முறையோ அதே பதினாறு புள்ளிகளுக்கு 16 பைற்று கொள்ளும். அவற்றுட் பாதி அல்பாவுக்கே உரியது. தெளிவுக்கும் சுவருக்கும் இடையே 16 படிகள் கிடைக்கும். 1024 புள்ளிச் சதுரப் படமொன்றுக்கு முன்னையது அரை மெகாபைற்று; பின்னையது ஒரு மெகாபைற்று. அரை மெகாபைற்று மிச்சம் பிடிக்கப்போய் ஒரு விமானத்தின் கண்ணையே மூடிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

மூலப்படத்தைப் பிறிதோரிடத்திற் பத்திரப்படுத்திய பின்னர், டீ.எக்ஸ்.ரீ.பி.எம்.பி. என்னும் சிறு மென்பொருளில் அதனைத் திறந்தோம். படத்தை ஒருபுறமும் அல்பாத் தளத்தை மறுபுறமும் அது பிரித்துக் காட்டும். அல்பாத் தளம் முழுவதும் வெள்ளையாகவே கிடந்தது. பதினோராந் தர மாணவன் ஒருவன், "சேர், முழுக்கக் கறுப்பாக்கிவிட்டாற் சரிதானே?" என்று கூறி, நான் வாய் திறக்குமுன் ஆக்கியும் விட்டான். கண்ணாடி தெளிந்தது, அதனைச் சுற்றியிருந்த விளிம்புகளும் உடன் மறைந்தன. கண்ணாடியும் விளிம்பும் ஒரே படத்தாளில் அடுத்தடுத்து அமைந்திருப்பதை அவன் நோக்கவில்லை. விமானத்தின் புறவுடற் படங்களில் இதே தளம் உலோகத்தின் பளபளப்பை ஆள்வதும் உண்டு. அங்கே இவ்வாறு செய்திருப்பின் விமானம் முகம் பார்க்கும் கண்ணாடியாய் மாறியிருக்கும்.

ஆகவே கண்ணாடிப் பரப்பை மாத்திரம் ஓரம் பிசகாமல் வரைந்தெடுத்து, அதற்கு மட்டும் நிறைவு கொடுத்தோம். 0 வேண்டாம் என்றேன். முற்றுந் தெளிந்தால் அது கண்ணாடியாகத் தோன்றாது, வெறும் ஓட்டையாகத் தோன்றும். டீ.எக்ஸ்.ரீ. 3 முறையில் அல்பாவின் படிகள் பதினேழு பதினேழாக ஏறுவன. 17இற் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. 51இல் மழைக்கால மாலை போல் மங்கிற்று. 34 என்று முடிவு செய்தோம். இதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் சென்றது. விமானத்தை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடியிருந்தாலும் அவ்வளவு நேரம் சென்றிருக்கும்.

இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, மேற்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கிப் பறந்தோம். அம்மென்பொருளின் நிலக்காட்சி கரடுமுரடானது. பனையும் இல்லை, கோபுரமும் இல்லை, நம் கல்லூரியும் இல்லை. ஆனாற் பூநகரி கடந்ததும் முன்கண்ணாடியிலே கடனீரேரி விரிந்தது. அதுவரை சத்தமிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிவிட்டனர். "எங்கட வீடு எந்தப் பக்கம், சேர்?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். காட்டினேன். எங்கள் வளவில் முன்னர் பதுங்குகுழி இருந்த மூலையை என் கண் தானாகவே தேடிற்று. திரையில் அவ்விடத்திற் பச்சைநிறம் ஒன்றே இருந்தது.

ஒரு குறை மட்டும் எஞ்சியுள்ளது. இடப்பக்கச் சிறு சாளரத்தினூடாக நோக்கினால் இயந்திரத்தின் சுழலி தெரிவதில்லை. "எஞ்சின் நின்றுபோச்சோ?" என்று முதலிற் பிள்ளைகள் பதறினர். நிற்கவில்லை. ஒளி ஊடுருவும் பாகங்களை, அவற்றின் பின்னுள்ளவற்றை வரைந்த பிறகே கணினி வரைதல் வேண்டும். அவ்வரிசை பிசகினாற் கண்ணாடிக்குப் பின்னுள்ளது வரையப்படாமலே போய்விடும். அது படத்தில் உள்ள பிழை அன்று. விமானத்தின் உருவமைப்பில் உள்ளது. அதனை ஆக்கியோனே திருத்தல் வேண்டும். அவருக்கு எழுதும் கடிதத்தை மாணவர் ஆங்கிலத்தில் வரைந்துகொண்டிருக்கின்றனர். கண்ணாடி திருத்திய முறையையும் அதிற் சேர்த்துள்ளனர்.