சவுலின் கவசமும் ஒரு பழைய மடிக்கணினியும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 17:38-40



கடந்த மாதம் ஐந்து நாட்கள், இரவும் பகலும், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது. இளையாத்தங்குடி ஜெபக்கூட்டத்திற்கு வந்த உங்களில் சிலர் அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டு, "போதகர் ஐயா, இது என்ன?" என்று விசாரித்தீர்கள். அதற்கான பதிலே இந்த வாரத் தியானம். அந்தக் கணினிக்குரிய வாலிபனிடமும் அவனுடைய தாயாரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

அது அவனுடைய அக்காளுக்குப் பள்ளியில் கிடைத்த கணினி. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம்முடைய அநேகம் வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அக்கா திருமணமாகிச் சென்றபின் அது பரணில் கிடந்தது. நினைவகம் இரண்டு கிகாபைட் மாத்திரம், மின்கலம் செத்துப்போயிற்று. "ஐயா, எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றால் இது அணைந்துவிடும். உங்கள் இன்வெர்ட்டரில் சில நாட்கள் வைத்துக்கொள்ளலாமா?" என்று அவன் கேட்டான்.

நான் உடனே சம்மதித்தேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. எட்டு மாதங்களாக அவன் ஆராதனைக்கு வரவில்லை. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் உழைத்த அவன் தகப்பனார் திடீரென்று மரித்தார். அடக்கத்தன்று கல்லறையருகில் நின்ற அவனிடம், அத்தகைய வேளைகளில் நான் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன். எல்லாம் தேவசித்தம் என்றேன், அழாதே என்றேன். அதற்குப்பின் அவனைச் சபையில் காணவில்லை.

அவன் அந்தக் கணினியில் நிறுவத் தொடங்கியது ஜென்டூ என்னும் லினக்ஸ் அமைப்பு. டேனியல் ராபின்ஸ் என்பவர் இதைத் தொடங்கியபோது இட்ட பெயர் ஏனோக்கு என்று கேட்டு வியந்தேன். தேவனோடு நடந்தவரின் பெயர்! பின்பு நீரில் அதிவேகமாய் நீந்தும் ஜென்டூ பென்குயினின் பெயர் அதற்கு வந்தது, 1.0 பதிப்பு 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியானது.

மற்ற லினக்ஸ் அமைப்புகள் பெரும்பாலும் ஆயத்தமாகவே வரும். எங்கோ ஒருவர் மூல நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றி வைத்திருப்பார். நாம் இறக்கி நிறுவினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். ஜென்டூவிலோ மனிதர் எழுதிய மூல நிரலே நம் கணினிக்கு வருகிறது. அதை மொழிமாற்றும் கம்பைலர் நம் இயந்திரத்திலேயே ஓடி, அதன் பிராசசருக்கு ஏற்றபடி ஒவ்வொரு மென்பொருளையும் உருவாக்குகிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்பதையும் நாமே குறித்துக் கொடுக்கவேண்டும்.

"தம்பி, ஆயத்தமானது இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? வேகம் கூடுமோ?" என்று கேட்டேன்.

"பெரிதாகக் கூடாது, ஐயா. ஆயத்தமாக வருவது எல்லாக் கணினிக்கும் பொருந்தும்படி செய்தது. இதற்குள் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும்" என்றான்.

அன்றிரவு தாவீதின் சரித்திரம் என் நினைவில் வந்தது. சவுல் தாவீதுக்குத் தன் கவசத்தை அணிவித்தது பகையினாலல்ல, அக்கறையினால்தான். அது ராஜாவின் கவசம், நல்ல கவசம். ஆனால் ஜனங்கள் எல்லாரிலும் உயரமான ஒருவனுக்குச் செய்தது. தாவீது நடந்து பார்த்து, பழக்கமில்லையென்று கழற்றி வைத்தான். கல்லறையருகில் நான் அந்த வாலிபனுக்கு அணிவித்ததும் அத்தகைய கவசமே. நான் சொன்னவை பொய்யல்ல. நெடுங்காலத் துக்கத்தின் வழியாய் யாரோ கண்டடைந்த சத்தியங்கள் அவை. அவன் துக்கத்தின் அளவை நான் எடுக்கவே இல்லை.

மறுநாள் மாலை அவன் வந்தபோது இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா கல் செய்யும்போது அவசரப்படுத்தமாட்டார், ஐயா" என்றான். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்ட்டும் இட்டு, இறுகியபின் நாட்கணக்காய்த் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். எங்கள் முன்னறைத் தளத்தில் பதித்திருப்பவை அவன் தகப்பனார் கைப்படச் செய்த கற்கள். அவற்றின்மேல்தான் அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஐந்து நாட்களில் நான் கற்றவை மூன்று.

முதலாவது, தானே கட்டுகிறவனும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. ஜென்டூவை நிறுவுகிறவர் 'ஸ்டேஜ் 3' என்னும் ஆயத்தத் தொகுப்பையே முதலில் இறக்கிக்கொள்கிறார். கம்பைலர் அதற்குள் இருக்கிறது. கம்பைலரை உருவாக்கவும் ஏற்கெனவே ஒரு கம்பைலர் வேண்டுமே! இணைய உலாவியைத் தொகுக்க இந்தச் சிறிய நினைவகம் தாங்காது என்று அறிந்து, பயர்பாக்ஸை அவன் ஆயத்தமாகவே எடுத்துக்கொண்டான். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் ஜென்டூ குழுவினரே பல மென்பொருள்களை அவ்வாறும் வழங்குகிறார்கள். தாவீது எடுத்த கூழாங்கற்களும் அவன் செதுக்கியவையல்ல, ஓடை வழவழப்பாக்கியவை. விசுவாசத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பும் வாலிபரே, தாயும் பாட்டியும் கற்றுக்கொடுத்த ஜெபத்தை அற்பமாய் எண்ணாதிருங்கள். தொடங்குவதற்குக்கூட அது வேண்டும்.

இரண்டாவது, தன் பலத்தின் அளவை அறிதல். ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்று குறிக்க அதில் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கிகாபைட் நினைவகம் வேண்டும் என்று ஜென்டூவின் கையேடு அறிவுறுத்துகிறது. அவன் முதலில் இரண்டு என்று குறித்தான். நினைவகம் போதாமல் வேலை பாதியில் முறிந்தது. ஒன்று என்று திருத்தியபின் மெதுவாக, ஆனால் முறியாமல் நடந்தது. துக்கத்தில் இருப்பவரை நாம் எத்தனை வேலைகளுக்கு அழைக்கிறோம்! உடனே தேறவேண்டும், சாட்சி சொல்லவேண்டும், ஊழியத்தில் சேரவேண்டும் என்கிறோம். அவருக்கு இன்று ஒன்று மாத்திரமே கூடுமானால், அந்த ஒன்று போதும்.

மூன்றாவது, நின்றுபோனது எல்லாம் வீணாய்ப் போனதல்ல. நான்காம் இரவு கம்பைலரே புதிதாய்த் தொகுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அது தன்னை மூன்று முறை கட்டி, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுமாம். அந்த நேரத்தில் மின்தடை நீண்டு, எங்கள் இன்வெர்ட்டரும் ஓய்ந்தது. காலையில் இருண்ட திரையைக் கண்டு எனக்கு மனம் உடைந்தது. அவன் கலங்கவில்லை. "முடிந்தவை எல்லாம் அப்படியே இருக்கும், ஐயா. நடுவில் நின்ற இந்த ஒன்றைத்தான் முதலிலிருந்து செய்யவேண்டும்" என்று சொல்லி, தொடரும்படி கட்டளையிட்டான். எட்டு மாதங்கள் ஜெபிக்காதிருந்த ஒருவனைப்பற்றி நான் எண்ணவேண்டியதும் அதுவே என்று அப்போது உணர்ந்தேன்.

ஐந்தாம் நாள் மாலை கணினி எழும்பியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், அவ்வளவுதான். அவன் தாயாரை அழைத்து வந்து காண்பித்தான். அம்மையாருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் மகனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நெடுநாளைக்குப்பின் அவர்கள் சிரித்துக் கண்டேன்.

இப்போது அவன் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமருகிறான். இன்னும் பாடுவதில்லை. அருமையான சபையாரே, அவனிடம் ஏன் பாடவில்லை என்று தயவுசெய்து கேளாதிருங்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் சத்தம் நமக்குக் கேளாவிட்டாலும் கர்த்தர் அறிவார்.

இந்த வாரம் உங்கள் தெருவில் துக்கத்திலிருக்கும் ஒருவரைச் சந்தியுங்கள். ஆயத்தமான வார்த்தைகளைக் கொண்டுபோகாமல், அவரருகில் சற்று நேரம் அமர்ந்திருங்கள்.

ஜெபம்: எங்கள் உருவத்தை அறிந்திருக்கிற பிதாவே, பிறருக்கு ஏற்காத கவசங்களை நாங்கள் அவசரமாய் அணிவித்த வேளைகளை மன்னியும். எங்களுக்கு முன்னிருந்தோர் விட்டுச்சென்றதை நன்றியோடு பெற்றுக்கொள்ளவும், மெதுவாய் நடப்பவரோடு மெதுவாய் நடக்கவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.