சிவக்கணுமா, ஆறணுமா?

மருதாணி என்றால் அலங்காரம் என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஆடி பிறந்தால் அம்மா கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் மருதாணி அரைப்பாள். கொல்லையில் பறித்த தழையில் பாதி, நடவுக்கு வரும் பெண்களுக்குப் போய்விடும்.

"இவர்களுக்கு எதற்கம்மா மருதாணி? கல்யாணமா, கார்த்திகையா?" என்று ஒரு நாள் சிணுங்கினேன்.

கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்த கிழவி காலை நீட்டிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தது. சேற்றுப்புண்!

"சின்னம்மா, ஒங்களுக்குச் செவக்கணும், எங்களுக்கு ஆறணும்" என்றாள் சிரித்துக்கொண்டே. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவள் கைமருந்து வெறும் நம்பிக்கை அல்ல. மருதாணி இலையில் லாஸோன் என்ற சாயப் பொருள் இருக்கிறது. பூஞ்சைக் கிருமிகளை அது அடக்குகிறது என்று சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். நம் நகமும் முடியும் தோலின் மேல்பரப்பும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனவை. லாஸோன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தோல் உதிர உதிரக் கையில் சிவப்பு மங்கும். நகத்திலோ வளர்ந்துதான் போகவேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுவதும் மாற ஆறு மாதம்!

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். போன வருஷம் தஞ்சாவூரில் அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம். அரைக்க யாருக்குப் பொழுது? "அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, கறுப்புக் கோன் வாங்கினேன். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு நானே குழந்தைக்கு இட்டும் விட்டேன்.

முகூர்த்தத்தன்று கை முழுவதும் கொப்புளம். கோலம் போட்ட இடமெல்லாம் அப்படியே புடைத்து நின்றது! வலது கையில் துணி சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

"மருதாணி ஒருநாளும் கறுக்காதம்மா" என்றார் டாக்டர். "இது தலைச்சாயத்தில் போடுகிற பாராபினைலின்டையமின். முன்னே எப்போதாவது இட்டதுண்டா?"

காலேஜில் ஒரு முறை இட்டாளாம். முதல் தடவை சும்மா இருந்த உடம்பு, இரண்டாம் தடவை சண்டைக்கு வந்துவிட்டது. இந்தப் பகை சாமானியமாகத் தீராதாம். ஆயுசுக்கும் அந்தச் சாயம் தலையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் அழுதேன். அவளோ, "விடுங்கோ அத்தை! நரைத்தால் நரைத்தபடியே இருந்துவிட்டுப் போகிறேன். இவர்தான் பார்த்துக்கொண்டிருக்கணும்" என்று மாப்பிள்ளையைக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் சுட்டது.

ஊரிலிருந்து ஒரு மருதாணிப் போத்து கொண்டுவந்து மாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். துளிர்த்துவிட்டது. இந்த ஆடிக்கு அம்மியைக் கழுவ வேண்டும்.