புகையும் பாதையின் இடையூறே



பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். முள்ளையும் கல்லையும் குனிந்து எடுத்துவிடலாம். புகையை எப்படி எடுப்பது? பெசன்ட் நகரில் எங்கள் மக்தபுக்குப் பிள்ளைகளை ஏற்றி வந்த பழைய டீசல் வேனை மாற்றும் பேச்சு எழுந்தபோது, இந்தக் கேள்வியே என் முன் நின்றது.

எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் திரும்புகையில் அந்த வேன் விட்ட கரும்புகை, சுண்டல் விற்பவரையும் நடைப்பயிற்சிக்கு வந்த முதியவரையும் சென்றடைந்தது. அவர்களுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை. ஆயினும் பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்னும் மார்க்க விதி, அறிமுகமானவர்களுக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே சி.என்.ஜி. வேன் வாங்கலாம் என்றேன். "பிள்ளைகளுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டரா, ஹஜ்ரத்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான அச்சம். வாயு அதில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. ஆனால் அது காற்றைவிட இலேசானது. வெளியே கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். சமையல் எரிவாயுவோ கனமானது; தரையோடு தங்கும். எனினும் தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதே. ஆலையிலேயே சிலிண்டர் பொருத்தப்பட்ட வண்டியையே வாங்குவது, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிப்பது, பிள்ளைகள் ஏறும் முன்பே வாயு நிரப்பிவிடுவது என முடிவாயிற்று.

"மக்தபின் நிதி அமானிதமாயிற்றே?" என்றார் இன்னொருவர். அதனால் கட்டணப் பணத்தைத் தொடாமல், விரும்பியோரிடம் மட்டும் தனியே திரட்டினோம். வண்டி வர நான்கு மாதங்கள் தாமதமாயிற்று.

இது புதுமையன்று. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், டில்லியின் பேருந்துகள் அனைத்தும் சி.என்.ஜி.க்கு மாறவேண்டும் என உத்தரவிட்டது. எதிர்ப்பும் நீண்ட வரிசைகளும் இருந்தும், 2002 இறுதிக்குள் அது நிறைவேறியது. நம் சென்னைக்கு அருகே எண்ணூரில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அதன்பின் இங்கும் சி.என்.ஜி. நிலையங்கள் பெருகின.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. இது தூய எரிபொருள் அன்று; தீங்கு குறைந்த எரிபொருள். கரித்துகள் மிகக் குறைவு. அதே ஆற்றலுக்குப் பெட்ரோலைவிடக் கால் பங்கு அளவு கரியமில வாயு குறைகிறது. ஆனால் இதன் பெரும்பகுதியான மீத்தேன் எரியாமல் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடேற்றும். கசிவைப் பாராமல் ஓட்டுவது, ஒரு கையால் கல்லை அகற்றி மறுகையால் முள்ளைப் போடுவதாகும்.

செலவு குறைகிறதே என்று வீணே வண்டியை ஓட்டுவதும் இஸ்ராஃப்தான். ஆகவே வேன் வந்த பிறகு, மக்தபுக்கு மிக அருகில் வசிக்கும் ஏழு பிள்ளைகளை அதில் ஏற்றவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் அவர்கள் பெரியவர் ஒருவருடன் நடந்தே ஓத வருகிறார்கள். இல்மைத் தேடி எடுத்து வைக்கும் அந்த அடிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.