புட்டியின்மேல் எழுதிய ஆண்டு

ஜெர்மனி நாட்டின் திரியர் நகரில், நம் ஆண்டவரின் திரு அங்கி போற்றிக் காக்கப்படும் பேராலயத்திற்குச் சற்றுத் தொலைவில் தலைமைச் சந்தைத் திடல் உள்ளது. அங்கே தூண் ஒன்றின்மேல் கற்சிலுவை நிற்கிறது. 958ஆம் ஆண்டில் பேராயர் முதலாம் ஹென்ரி நாட்டிய சிலுவையின் நேர்படி அது. மூலச் சிலுவை அருங்காட்சியகத்தில் உள்ளது. சந்தை கூட்டும் உரிமைக்கு அடையாளமாக அன்று நாட்டப்பட்ட அச்சிலுவையின் நிழலில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் வாணிகம் ஓயவில்லை.

அத்திடலில் சிறியதொரு திராட்சை இரசக் கடையும் உண்டு. அதனை ஒருவரே நிலையாக நடத்துவதில்லை. நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த திராட்சைக் குடியானவர்கள் முறை வைத்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராகச் சில நாட்கள் வீதம் நடத்துகிறார்கள். தாமே பயிரிட்டு, தாமே பிழிந்து, தாமே புட்டியில் அடைத்த இரசத்தைத் தம் கையாலேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். விற்பவரும் விளைத்தவரும் ஒருவரே. வாங்குபவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து விற்கும் இவ்வாணிகத்தில் ஒரு பெரும் பாடம் அடங்கியிருப்பதைக் காலப்போக்கில் நாம் கண்டுகொண்டோம். அதனையே நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஜெர்மானிய மறைமாவட்டங்களில் இந்தியக் குருக்கள் பலர் பணியாற்றுவது வாசகர்கள் அறிந்ததே. நாமும் திரியருக்குத் தெற்கே, மோசெல் ஆற்றில் வந்து கலக்கும் ஸார் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஆறு ஆண்டுகள் பங்குப்பணி புரிந்தோம். ஏறக்குறைய 50 பாகை வட அட்சத்தில் அமைந்த குளிர்ப் பகுதி அது. திராட்சைக்கோ வெயில் வேண்டும். ஆகவே அம்மக்கள் தெற்கு நோக்கிச் சரியும் செங்குத்தான மலைச்சரிவுகளைத் தேர்ந்து கொடி நட்டார்கள். அங்குள்ள மண் பெரும்பாலும் உடைந்த சிலேட்டுக் கல். அக்கல் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடுகிறது. இந்த ஏற்பாட்டினால்தான் ரீஸ்லிங் எனப்படும் வெண்திராட்சை அக்குளிரிலும் பழுக்கிறது. பழுப்பதும் விரைவில் அன்று. அக்டோபர் மாதம்வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு மெல்லப் பழுப்பதாலேயே அதன் புளிப்பும் மணமும் கெடாமல் நிற்கின்றன. திரியரின் இறுதிப் பேராயர்-இளவரசரான கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ் என்பார், தரம் குறைந்த கொடிகளைக் களைந்து நல்ல வகைகளை நடுமாறு 1787ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டார் என்றால், அம்மண்ணில் திருச்சபைக்கும் திராட்சைக்கும் உள்ள உறவை உணரலாம்.

இதனைப் படிக்கும் தாய்மார்கள் சிலர், 'சாமியார் குடியைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டாரே!' என்று முகம் சுளிக்கக்கூடும். குடியினால் தாலியும் தட்டுமுட்டும் இழந்த இல்லங்களின் கண்ணீரை முப்பது ஆண்டுகளாக நாமும் கண்டு வருகிறோம். அந்நாட்டிலும் குடிக்கு அடிமையாகிச் சீரழிந்தோர் உண்டு. அவர்களுள் சிலரை நாமே மருத்துவமனையில் சந்தித்து மந்திரித்திருக்கிறோம். ஆகவே குடியைப் போற்ற நாம் எழுதவில்லை. எனினும், திருப்பலியில் பயன்படும் இரசம் கலப்பற்றதாய், திராட்சைப் பழத்திலிருந்தே பெறப்பட்டதாய், கெடாததாய் இருத்தல் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் எண் விதிக்கிறது. பலிபீடத்திற்கு வரும் பொருள் கலப்பற்றிருக்க வேண்டுமாயின், அதனை விளைப்பவர் உள்ளம் கலப்பற்றிருக்க வேண்டாமா? நம் பேச்சு அந்த உள்ளத்தைப் பற்றியதே.

நம் பங்கில் ஒரு குடும்பம் இருந்தது. தந்தை, தாய், இரச நுட்பம் பயின்று வீடு திரும்பிய மகள், எண்பது கடந்த பாட்டனார் என நால்வர். நிலம் மூன்று ஹெக்டேர். ஆயிரம் லிட்டர் கொள்ளும் மரப்பீப்பாயை அங்கே 'ஃபூடர்' என்பார்கள். நல்ல ஆண்டில் அவர்கள் நிலவறையில் அத்தகைய பீப்பாய்கள் பதினாறு நிறையும். எட்டு வகை இரசம் புட்டியில் அடைபடும்.

ஆண்டுதோறும் வசந்தகாலத்தில், புது இரசம் புட்டிக்கு வந்ததும், அக்குடும்பத்தார் தம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் எழுதுவர். சென்ற ஆண்டு மழை எவ்வாறு, வெயில் எவ்வாறு, எந்தச் சரிவில் எந்த இரசம் விளைந்தது, விலை என்ன, முற்றத்தைத் திறந்து வைத்துச் சுவைக்கக் கொடுக்கும் நாள் எது, திரியர்ச் சந்தையில் தம் முறை எப்போது என்பனவெல்லாம் அதில் இருக்கும். வீட்டு வாசலில் துடைப்பத்தையோ இலைக்கொத்தையோ கட்டித் தொங்கவிட்டுத் தம் சொந்த இரசத்தை எளிய உணவோடு விற்கும் பழைய வழக்கமும் அங்கே உண்டு. அதனைச் சார்லமாஞ் பேரரசர் காலத்து உரிமை எனச் சொல்லுவர். இன்றைய சட்டப்படி ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் அவ்வாறு நடத்தலாகாது; நாற்பது இருக்கைகளுக்கு மேல் போடலாகாது. அந்த மாதங்களும் மடலில் குறிக்கப்பட்டிருக்கும். விலைப்பட்டியல் என்பதைவிட அதனைக் கணக்கொப்புவிப்பு எனல் பொருந்தும்.

2024ஆம் ஆண்டு அவர்களுக்குச் சோதனையாய் வந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் கோடை போன்ற வெயில் அடிக்க, கொடிகள் காலத்துக்கு முன்பே துளிர்த்துவிட்டன. அம்மாதம் 22ஆம் நாளையொட்டிய இரவுகளில் திடீரென உறைபனி இறங்கிற்று. ஸார், ரூவர் ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் பெருஞ்சேதம். மே மாதத்தின் நடுவே வரும் புனித பங்கிராசியார், செர்வாசியார், போனிபாசியார் முதலியோரின் திருநாட்களை அம்மக்கள் 'பனிப் புனிதர்கள்' நாள் என்று அழைத்து, அவை கழியும்வரை பனிக்கு அஞ்சுவது வழக்கம். முன்பெல்லாம் அந்நாட்களுக்குச் சற்று முன்னரே கொடி துளிர்க்கும். அச்சம் சிறிது காலமே. இப்போது குளிர்காலம் தணிந்து துளிர் முந்திவிடுவதால், அச்சத்தின் காலமும் நீண்டுவிட்டது. உலகம் வெப்பமடையும்போது உறைபனியின் கேடும் மிகுவது எவ்வளவு விந்தை!

மறுநாள் காலை நாம் அவர்களுடைய தோட்டத்திற்குச் சென்றோம். முந்தின நாள் பசுமையாய் இருந்த துளிர்கள் கொதிநீர் பட்டாற்போல் கருத்துத் தொங்கின. ஒருவரும் அழவில்லை. பாட்டனார் மட்டும் ஒரு துளிரைக் கிள்ளி விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றார். பின்னர் மறுதுளிர் வந்தது. ஆனால் அதில் காய் மிகக் குறைவு. அவ்விலையுதிர் காலத்தில் நிறைந்தவை மூன்றே பீப்பாய்கள். புட்டிக் கணக்கில் ஏறத்தாழ 4,000.

குளிர்காலத்தில் ஒரு நாள் வணிகர் ஒருவர் வந்தார். வேறு பகுதியில் விளைந்த இரசத்தை மலிந்த விலையில் தருவதாகவும், குடும்பத்தின் பெயரை இட்டு அதனை விற்றுக்கொள்ளலாம் என்றும் கூறினார். இது திருட்டு வாணிகம் அன்று, சட்டம் அனுமதிப்பதே. சொந்தப் பழத்தில் செய்து சொந்த இல்லத்தில் அடைத்த புட்டியில்தான் 'பண்ணையில் அடைக்கப்பட்டது' என்ற சொல்லை எழுதலாம். வாங்கிய இரசமாயின் அச்சொல்லை நீக்கிவிட்டு வேறு சொல்லைச் சிறிய எழுத்தில் அச்சிட வேண்டும். அவ்வளவே வேறுபாடு. எத்தனை பேர் அதனை நின்று படிப்பார்கள்?

அன்று மாலை அவ்வீட்டு மேசையில் நாமும் அமர்ந்திருந்தோம். தந்தை ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இருந்தார். வங்கிக் கடன் இருந்தது. சரிவைத் தாங்கும் கற்சுவர் இடிந்து கிடந்தது. அவர் விரும்பியதில் குற்றம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆனால் மகள், "ஹெர் பாஸ்டர், சிறிய எழுத்தைப் படிக்காதவர்கள் நம்மை நம்பித்தானே படிக்காமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நாம் விடை கூறவில்லை, கூறவேண்டியிருக்கவும் இல்லை. தந்தை நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, வணிகரின் தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

நம்பிக்கை முறிந்தால் என்னவாகும் என்பதற்கு அண்டை நாடான ஆஸ்திரியாவே சான்று. அங்கே 1985ஆம் ஆண்டில், வணிகர் சிலர் இரசத்திற்குச் செழுமையும் இனிமையும் கூட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தது வெளிப்பட்டது. கலந்தவர்கள் சிலரே. ஆயினும் நாடு முழுவதன் ஏற்றுமதியும் சரிந்து வீழ்ந்தது. கலப்பே அறியாத ஏழைக் குடியானவர்களும் விற்க வழியின்றித் தவித்தார்கள். அவ்வாண்டே அந்நாடு மிகக் கடுமையான இரசச் சட்டத்தை இயற்றிற்று. இழந்த பெயரை மீட்கவோ நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மனியில் தர இரசம் ஒவ்வொன்றும் ஆய்வகத்திலும் சுவைப்போர் குழுவிலும் தேறி, ஆய்வு எண் பெற்றே விற்பனைக்கு வருகிறது. அவ்வெண்ணைப் புட்டியின்மேல் காணலாம். ஆயினும் எந்த ஆய்வுக் குழுவும் மனச்சான்றுக்கு எண் இட இயலாதன்றோ?

2025ஆம் ஆண்டு வசந்தத்தில் வழக்கம்போல் மடல் எழுதப்பட்டது. எட்டு இரசங்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெயர்களே இருந்தன. பனி இறங்கிய இரவைப் பற்றி நான்கு வரிகள், புலம்பல் இல்லை. ஒருவருக்கு ஆறு புட்டிகளுக்கு மேல் தர இயலாது என்ற அறிவிப்பு. விலை சிறிதே கூட்டப்பட்டிருந்தது. ஏன் கூட்டினோம் என்பதும் எழுதப்பட்டிருந்தது. இவ்வளவு குறைந்த சரக்கோடு சந்தைக்குப் போவது வெட்கம் எனப் பாட்டனார் கருதினார். பாதி வெறுமையான மேசையை ஊரார் காண்பதில் வெட்கமில்லை என மகள் வாதாடினாள். சென்றார்கள்.

திரியரில் ஒரு வேலை இருந்ததால், அவர்கள் முறையின் முதல் நாளில் நாமும் அங்கே சென்று சிறிது நேரம் நின்றோம். வந்தவர்களுள் சிலர், வேறு இரசம் இல்லையா என்று கேட்டுவிட்டு அடுத்த இடத்திற்குப் போனார்கள். அதுவும் சந்தையின் இயல்பே. பல ஆண்டுகளாக வாங்கும் முதியவர் ஒருவர் ஆறு புட்டிகளுக்குரிய மடலோடு வந்து, மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை இனி வருபவருக்கு வையுங்கள் என்றார். அவருக்குப்பின் வந்தவர்களில் வேறு சிலரும் அவ்வாறே செய்தார்கள். எல்லோரும் செய்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும்.

இவ்வாறு நேர்மையாய் நடந்ததால் அக்குடும்பத்திற்கு எல்லாம் நன்மையாய் முடிந்தது எனக் கதை போல் முடிக்க நமக்கு ஆசைதான். நடந்தது அதுவன்று. சுவரைக் கட்டப் பணம் போதவில்லை. ஆகவே அவர்களுடைய தோட்டங்களுள் மிகச் செங்குத்தான மேல்சரிவை, பாட்டனாரின் தந்தை கொடி நட்ட இடத்தை, அவ்வாண்டே கைவிட்டார்கள். இது அவ்வொரு வீட்டின் கதையுமன்று. 1990ஆம் ஆண்டு வாக்கில் மோசெல் பகுதி முழுவதிலும் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைத் தோட்டங்கள் இன்று 9,000 ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டன. எந்திரம் ஏற முடியாத சரிவில் மனித முதுகே சுமக்க வேண்டும். சமவெளியைவிடப் பன்மடங்கு உழைப்பு. சுமக்கப் பிள்ளைகள் முன்வராத வீடுகளில் முட்செடி மூடிக்கொள்கிறது. வேர் பிடுங்கிய நாளில் மந்திரிக்கும்படி நம்மை அழைத்தார்கள். கைவிடும் நிலத்திற்கென்று தனிச் செபம் எதுவும் நம் கைப்புத்தகத்தில் இல்லை. ஆதலால் நன்றிச் செபமே சொன்னோம். மகள் மட்டும் இரண்டு ஹெக்டேரில் தொழிலைத் தொடர்கிறாள். 2024 என்று எழுதிய புட்டிகளில் பன்னிரண்டை விற்காமல் நிலவறையில் வைத்திருக்கிறாள்.

கானா ஊர்த் திருமணத்தில் புது இரசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பந்தி மேற்பார்வையாளர் அறியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளர்களே அறிந்திருந்தார்கள் என்று நற்செய்தி கூறுகிறது. உண்பவர் அறியார், உழைத்தவர் அறிவார். உலகத்து வாணிகம் அனைத்தும் இந்த இடைவெளியில்தான் நடைபெறுகிறது. அந்த இடைவெளியைப் பொய்யால் நிரப்புவதும் மெய்யால் நிரப்புவதும் உழைத்தவர் கையில் உள்ளது.

அன்பர்களே! பால் கறந்து ஊற்றுபவர், மாவு அரைத்து விற்பவர், துணி தைத்துக் கொடுப்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் என நம் பங்குகளில் எத்தனை குடும்பங்கள் தம் கையுழைப்பைப் பிறர் கையில் ஒப்படைத்துப் பிழைக்கின்றன! நல்ல ஆண்டில் நல்ல பெயர் எடுப்பது எளிது. விளைச்சல் பொய்த்த ஆண்டில், இவ்வளவுதான் விளைந்தது, இதுதான் காரணம், இதுதான் விலை என்று முகம் பார்த்துச் சொல்லுவதற்குத் துணிவு வேண்டும். அவ்வாறு ஒருவர் நம் முன் வந்து நிற்கும்போது, வாங்குபவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பேரம் பேசுவதற்கு முன், அவர் சொல்லுவதைச் சற்று நின்று கேட்போமாக.