டெக்சல் தீவில் ஒரு பகல்

அருங்காட்சியகம் என்றதும் மன்னர்தம் வாளும் மகுடமும் செப்புத் திருமேனிகளுமே நம் மனக்கண்முன் தோன்றும். மாலுமி குடித்த தண்ணீருக்கும் மீனவர் வீசிய வலைக்கும் வரலாறு உண்டு என்று எடுத்துரைக்கும் அருங்காட்சியகங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று நெதர்லாந்து நாட்டின் டெக்சல் தீவில் உள்ளது. காப் ஸ்கில் என்பது அதன் பெயர்.

ஆராய்ச்சி தொடர்பாக அந்நாட்டுக்குச் சென்றிருந்தபோது ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. டென் ஹெல்டர் துறைமுகத்தில் படகேறினால் இருபது நிமிடத்தில் தீவு வந்துவிடுகிறது. செம்மறியாடுகள் மேயும் பசும்புல்வெளி. அதைக் காக்கும் கடற்கரை அணை. அணையை ஒட்டிச் சிறியதொரு மீன்பிடித் துறை. அங்கேதான் அருங்காட்சியகம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமை அடுத்த கடல் ஆழம் குறைந்தது. ஆகவே பெருங்கப்பல்கள் டெக்சல் அருகே நங்கூரமிட்டு, சாதகமான காற்றுக்காக நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் காத்திருந்தன. அக்காட்சியை ஒரு பெரிய மாதிரியாக வடித்து வைத்திருக்கிறார்கள். காத்திருந்த கப்பல்களுக்குக் குடிநீர் விற்றதே தீவினருக்கு நல்ல வருவாய். இரும்புச் சத்து மிகுந்த அக்கிணற்று நீர் நெடுநாள் கெடாதாம். அந்த வருமானம் அனாதைக் குழந்தைகளின் இல்லத்துக்குச் சென்றதால் அவை இன்றும் ‘அனாதைக் கிணறுகள்’ என்றே வழங்குகின்றன. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரரின் கப்பல்கள் பல இங்கிருந்துதான் பாய் விரித்தன. நம் கரை நோக்கி வந்த பீப்பாய்களில் இந்தக் குழந்தைகளின் கிணற்று நீர் இருந்திருக்கும் என்று எண்ணியபோது மெய் சிலிர்த்தது.

அடுத்த அறையில் மங்கிய ஒளியில் ஒரு பட்டு ஆடை. 1660ஆம் ஆண்டையொட்டி மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்றிலிருந்து 2014இல் முக்குளிப்போர் எடுத்தது. மணல் மூடிக் காத்ததால் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அதன் பூவேலைப்பாடு அழியவில்லை. அதை உடுத்திய சீமாட்டி யார் என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்கிறார்கள்.

அந்த ஆண்டு என் நெஞ்சைத் தைத்தது. 1658இல் நாகப்பட்டினம் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சை நாடு பாழாகிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. பசிக்கு விற்கப்பட்ட நம் மக்களை, 8,000 முதல் 10,000 பேர் வரை, டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கிற்று என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் பட்டாவியா, மலாக்கா ஆகிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். சீமாட்டியின் ஆடையை மணல் காத்தது. கப்பலேறிய தஞ்சைப் பெண்ணின் கந்தலை எந்த மணல் காத்தது? அவள் பெயரைக் கேட்பார் யார்?

தீவினர்மீது எனக்குச் சினமில்லை, பொறாமைதான் உண்டு. கரையொதுங்கிய புட்டியையும் மிதவையையும்கூடப் பொறுக்கிச் சேர்த்து, ‘இது எங்கள் கதை’ என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பழைய மீனவர் குடில்களையும் முற்றத்தில் அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே! பழவேற்காடு முதல் குமரி வரை நீண்டு கிடக்கிறது நமது கரை. கட்டுமரம் மறைந்து கண்ணாடியிழைப் படகு வந்துவிட்டது. கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். உங்களில் கடலோரச் சிற்றூர்களிலிருந்து வருவோர் பலர். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவின் அருகில் அமருங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். துடுப்பையும் நங்கூரக் கல்லையும் விறகுக்கும் வேலிக்கும் விட்டுவிடாதீர்கள். நம் கதையை நாமன்றி வேறு யார் காப்பார்?